இரண்டு ஷோரம்கள்

லண்டன் விக்டோரியா நிலையத்து டிக்கெட் இயந்திரத்தில் 'ஷோரம்' என்று தட்டினால் இரண்டு ஊர்கள் வந்து நிற்கும். ஒன்று கென்ட் பகுதியின் ஷோரம். இன்னொன்று ஸஸெக்ஸ் கடற்கரை ஷோரம். என் விரல் பட்டது இரண்டாவதில். வண்டி ஈஸ்ட் கிராய்டனைத் தாண்டித் தெற்கே ஓடிக்கொண்டிருந்தது. எதிர் இருக்கையில் பிளாஸ்டிக் வாளியும் மண்வெட்டியுமாக ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. நான் போக வேண்டிய ஊரில் கடல் கிடையாது.

கேட்விக்கில் இறங்கி, வந்த வழியே திரும்பி, இன்னொரு வண்டி பிடித்து, ஸ்வான்லியில் மாறி, கென்ட் ஷோரத்தில் கால் வைத்தபோது மணி நாலு. மதியத்துக்குள் ஊரைச் சுற்றிவிட்டு மாலையில் லண்டன் திரும்பிவிடலாம் என்று நினைத்திருந்தேன். திட்டம் கெட்டதில் லாபம் எனக்குத்தான். அது தெரிய இரவு பத்து மணி ஆயிற்று.

நான் தேடிப் போனவர் சாமுவேல் பால்மர். 1805இல் லண்டனில் ஒரு புத்தக வியாபாரியின் மகனாகப் பிறந்தவர். நீர்வண்ண ஓவியர், எட்சிங் கலைஞர். டர்னர், கான்ஸ்டபிள் என்று ஆங்கில நிலக்காட்சி ஓவியர்களை அடுக்கத் தொடங்கினால் இவர் பெயர் வந்துசேர நேரம் பிடிக்கும். பதினான்கு வயதில் ராயல் அகாடமி கண்காட்சியில் இவர் படம் இடம்பெற்றது. பிறவி மேதை என்று நினைத்துவிட வேண்டாம். அந்தக் காலத்துப் படங்களைப் போல நூறு பேர் வரைந்திருக்கிறார்கள். இருபது வயதையொட்டி அவருக்கு ஏதோ நேர்ந்தது. அதற்குப் பிந்தைய பத்தாண்டுப் படங்கள் அந்த நாட்டில் அதுவரை யாரும் வரைந்திராதவை. அவற்றில் பெரும்பாலானவை இந்த டேரன்ட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் பிறந்தவை.

ரயில் நிலையம் ஊருக்குச் சற்று மேலே சரிவில் இருக்கிறது. 1862இல் திறந்தது. பால்மர் இங்கே வாழ்ந்த காலத்தில் ரயில் இல்லை. லண்டனிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும், அல்லது சரக்கு வண்டியில் தொற்றிக்கொண்டு வர வேண்டும். இறக்கத்தில் நடந்து தேவாலயத்தை அடைந்தேன். முதல் ஏமாற்றம் அங்கே.

பால்மரின் படங்களில் தேவாலயம் என்றால் வானத்தைத் துளைக்கும் கூர்முனை உண்டு. மரங்களுக்கு நடுவே, குன்றின் மடியில், ஊசி நட்டதுபோல் நிற்கும். ஷோரம் தேவாலயத்துக்குக் கூர்முனையே இல்லை. சிக்கிமுக்கிக் கல்லும் செங்கல்லுமாகக் கட்டிய தட்டையான கோபுரம், கனத்த மர முன்மண்டபம், வரிசையாக யூ மரங்கள். அழகுதான். ஆனால் நான் பார்க்க வந்த தேவாலயம் அதில்லை.

இரண்டாவது ஏமாற்றம் குன்றுகள். கேம்பிரிட்ஜ் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் இருக்கும் 'மந்திர ஆப்பிள் மரம்' என்ற படத்தில் கிளைகள் பழப் பாரத்தில் வளைந்து ஒரு தோரணமே கட்டியிருக்கும். அதன் பின்னால் தானிய வயல் தணல் போல எரிந்தபடி மேலேறும். வேறு படங்களில் குன்றுகள் அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ரொட்டியைப் போல உப்பி, ஒன்றன் தோளில் ஒன்று ஏறி நிற்கும். நேரில் பார்த்தால் நீளமான, சோம்பலான சுண்ணாம்புக் கரடுகள். மேற்குச் சரிவில் வெள்ளையாக ஒரு சிலுவை. முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்காக 1920இல் புல்லைச் செதுக்கி உண்டாக்கியது. காற்று திரும்பினால், கரட்டுக்கு அப்பால் எம்25 நெடுஞ்சாலையின் இரைச்சல் மெல்லக் கேட்கிறது. இவ்வளவுதானா என்று நினைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, கடற்கரை ஷோரத்துக்கே போயிருக்கலாமோ என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது.

ஊர் சின்னது. ஆறு அதைவிடச் சின்னது. ஒரு கால்வாய் அளவுதான். ஆனால் தண்ணீர் கண்ணாடி போல. பாலத்துக்குப் பக்கத்தில் வாட்டர் ஹவுஸ் என்ற வெள்ளைச் சுவர் வீடு. பால்மரின் தந்தை அதை வாடகைக்கு எடுத்தார். புத்தகக் கடையை விட்டுவிட்டு மகனோடு வந்து சேர்ந்துகொண்டவர் அவர். அதற்கு முன் பால்மர் இருந்தது, பாட்டனார் சொத்தில் வந்த பணத்தைக்கொண்டு வாங்கிய ஓர் ஓட்டைக் குடிசையில். நண்பர்கள் அதற்கு 'எலி மடம்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

நண்பர்கள் என்றேன். ஜார்ஜ் ரிச்மண்ட், எட்வர்ட் கால்வர்ட், ஃபிரான்சிஸ் ஃபின்ச், ஃபிரெடரிக் டாதம் என்று ஏழெட்டுப் பேர். பெரும்பாலும் இருபதுகளில் இருந்த இளைஞர்கள். தங்களுக்குத் தாங்களே 'பழையோர்' என்று பட்டம் சூட்டிக்கொண்டார்கள். நிகழ்காலம் பிடிக்காத இளைஞர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. இவர்கள் அதை ஒரு சங்கமாகவே வைத்திருந்தார்கள். இரவில் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வயல் வயலாகத் திரிவது, இடி மின்னலில் நனைந்துகொண்டே பாடுவது, சுண்ணாம்புக் குழிகளில் உட்கார்ந்து கதை சொல்வது. ஊர்க்காரர்களுக்கு இவர்கள் யாரென்று பிடிபடவில்லை. நட்சத்திரம் பார்க்கும் சோதிடர்களோ என்று நினைத்து 'அஸ்ட்ராலஜர்' என்ற சொல்லைத் தங்கள் வாயில் புரட்டி 'எக்ஸ்டாலஜர்' என்று ஒரு புதுச் சொல்லை உண்டாக்கினார்கள். நல்ல சொல். போற்றுவது என்ற பொருளுள்ள 'எக்ஸ்டால்' என்ற ஆங்கிலச் சொல்லும் அதற்குள் தற்செயலாக வந்து ஒளிந்துகொண்டது.

இந்தக் கூட்டத்தின் குரு வில்லியம் பிளேக். லண்டனில் ஸ்டிராண்ட் தெருவையொட்டி இரண்டு அறைகளில் ஏழ்மையில் வாழ்ந்துகொண்டிருந்தார். 1824 அக்டோபர் 9 அன்று ஓவியர் ஜான் லின்னல் பத்தொன்பது வயதுப் பால்மரை அவரிடம் அழைத்துப் போனார். அறுபத்தாறு வயதுப் பிளேக், கால் வெந்த புண்ணோடு படுக்கையில் கிடந்தபடி, மடியில் பெரிய ஏட்டை விரித்து தாந்தேயின் காவியத்துக்குப் படம் வரைந்துகொண்டிருந்தார். அடுத்த மூன்று ஆண்டுகள் நிறைவதற்குள் அவர் இறந்துவிட்டார். ஆனாலும் ஒரு முறை ஷோரத்துக்கு வந்துபோயிருக்கிறார். அப்போது நடந்ததாகக் கால்வர்ட்டின் மகன் எழுதிவைத்த கதை ஒன்று உண்டு. பாழடைந்த ஒரு மாளிகையின் வாயிற்கட்டடத்தில் பேய் உலவுவதாக ஊரில் பேச்சு. பழையோர் அனைவரும் விளக்கோடு இரவில் போனார்கள். உள்ளிருந்து ஏதோ தட்டும் சத்தம், உரசும் சத்தம். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தால், சன்னல் கண்ணாடியில் ஒரு பெரிய நத்தை ஏறிக்கொண்டிருந்தது.

பால்மரைக் கவர்ந்த பிளேக்கின் வேலை எது என்பது முக்கியம். மாபெரும் தீர்க்கதரிசன ஏடுகள் அல்ல. 1821இல் வெளியான ஒரு பள்ளிக்கூடப் பதிப்புக்காக, ரோமானியக் கவி வர்ஜிலின் ஆயர் பாடலையொட்டிப் பிளேக் மரத்தில் செதுக்கிக் கொடுத்த சின்னஞ்சிறு படங்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியவை. மரக்கட்டையில் செதுக்கிய கோடு அச்சில் வெள்ளையாக விழும்; தொடாத இடம் கறுப்பாகவே நிற்கும். அதாவது, முதலில் இருட்டு. அதைக் கீறிக் கீறித்தான் வெளிச்சம் வர வேண்டும். ஓர் ஆட்டிடையனும் பிறைநிலவும் வளைந்த பயிரும் அந்தக் கறுப்பிலிருந்து வெளியே வருவதைப் பார்த்துப் பால்மர் கிறங்கிப்போனார். அந்தக் கிறக்கம் அவருக்குக் கடைசிவரை தெளியவில்லை.

ஐந்தரை மணிக்கு ஒரு விடுதியின் பின்கட்டில் தேநீரோடு உட்கார்ந்தேன். பக்கத்து மேசையில் நாயோடு ஒரு முதியவர். எதற்காக வந்தேன் என்று கேட்டார். சொன்னேன்.

"ஓவியரா? நிறையப் பேர் வருகிறார்கள். வந்து குன்றைப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு முகம் வாடிப் போகிறார்கள்" என்றார். "உங்களுக்கு வண்டி எத்தனை மணிக்கு?"

"ஆறரைக்கு."

"இன்றைக்குப் பௌர்ணமி. தெரியுமா?"

அவ்வளவுதான் சொன்னார். நாய் எழுந்தது, அவரும் எழுந்தார்.

ஆறரை வண்டியை விட்டுவிட்டேன். பொழுது சாயும்வரை ஆற்றோரமாக வடக்கே லலிங்ஸ்டன் பக்கம் நடந்தேன். அங்குள்ள பூங்காவில் நூற்றாண்டுகள் கண்ட ஓக் மரங்கள் இருக்கின்றன. உள்ளே ஆள் நுழையும் அளவு பொந்து விழுந்தவை, பாதி செத்தும் பாதி தளிர்த்தும் நிற்பவை. 1828இல் பால்மர் இந்த மரங்களைப் பட்டை பட்டையாக, முண்டு முடிச்சு விடாமல் வரைந்தார். கற்பனையை மூட்டை கட்டிவைத்துவிட்டு இயற்கையைப் பார்த்து வரை, விற்கும் என்று லின்னல் நச்சரித்ததன் விளைவு. அவை அபாரமான படங்கள். பால்மருக்குக் கண் இருந்தது, கைக்கு அது கட்டுப்பட்டது என்பதற்குச் சாட்சி. ஆகவே குன்றை உப்பவைத்து வரைந்தவருக்கு, உள்ளபடி வரையத் தெரியாமல் இல்லை.

திரும்பும்போது அறுவடை முடிந்த வயல்களின் தாள்கட்டைகளுக்கு நடுவே பாதை போயிற்று. இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பால்மரின் அறுவடைப் படங்களில் கதிர்க்கட்டுகள் மடங்கு மடங்காகக் குவிந்திருக்கும். எல்லோரும் நிறைவாக வீடு திரும்புவார்கள். அவர் அவற்றை வரைந்த அதே 1830இல், கென்டின் கூலி விவசாயிகள் கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்தார்கள். வைக்கோல் போர்களுக்குத் தீ வைத்தார்கள். இங்கிருந்து மேற்கே சில மைல்களில் இருக்கும் ஆர்பிங்டன் பக்கம் அந்தக் கோடையிலேயே நெருப்பு தொடங்கிவிட்டது. குளிர்காலத்தில் வேலையைப் பறித்துக்கொண்ட இயந்திரத்தின் மேல் அவர்களுக்குக் கோபம். 'கேப்டன் ஸ்விங்' என்ற இல்லாத தலைவனின் பெயரால் பண்ணையார்களுக்கு மிரட்டல் கடிதம் எழுதினார்கள். பால்மர் படத்தில் ஒரு பொறிகூட இல்லை. 1832இல் அவர் வாக்காளர்களுக்கு ஒரு துண்டுப் பிரசுரம் வெளியிட்டார். சீர்திருத்தக்காரர்களை எதிர்த்து, பழைய ஒழுங்கைக் காக்கச் சொல்லி. அவர் விரும்பிய பழைய இங்கிலாந்தில் பசித்தவன் கலகம் செய்ய மாட்டான். அவரை எவ்வளவு விரும்பினாலும் இது எனக்கு நெருடுகிறது. நெருடட்டும் என்று விட்டிருக்கிறேன்.

எட்டு மணிக்கு மேல் சூரியன் போயிற்று. கிழக்குக் கரட்டின் விளிம்பில் நிலவு, கழுவாத செம்பு நிறத்தில் எட்டிப் பார்த்தது. அது மேலேறி வெளுக்கும்வரை ஒரு வேலிப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன்.

பத்து மணி. பசுமை எங்கும் இல்லை. முழுநிலவின் வெளிச்சம் பகல் வெளிச்சத்தில் சுமார் 4 லட்சத்தில் ஒரு பங்கு. அவ்வளவு மங்கலில் கண் நிறத்தைக் கைவிட்டு உருவத்தை மட்டும் பிடித்துக்கொள்கிறது. வயல் பழுப்பு, வேலி கரும்பழுப்பு, தாள்கட்டை மங்கிய தந்தம். இடையில் இருந்த தூரங்கள் கரைந்துபோயின. எதிர்க்கரடு பகலில் அரை மைல் தள்ளிப் படுத்துக்கிடந்தது. இப்போது எழுந்து, தோட்டத்துக்குப் பின்னாலேயே வந்து நின்றது. அதன் மேல் ஒரு மரக்கூட்டம், ஒற்றைக் காளானாக. ஒரு பண்ணைக் கூரையின் முகடும் அதன் பின்னாலிருந்த மரமும் ஒட்டிக்கொண்டு எனக்குக் கூர்முனைக் கோபுரமாகத் தெரிந்தன.

ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் 1825ஆம் ஆண்டுப் படங்கள் ஆறு இருக்கின்றன. பழுப்பு மையால் வரைந்து, செபியாவில் கருவேலம் பிசின் கலந்து தீட்டி, மேலே வார்னிஷ் பூசியவை. அவற்றில் ஒன்றில் காளான் போல் குவிந்த ஒரு பெரிய மரம், பாதையில் ஒரு முயல். இன்னொன்றில் விளைந்த கதிருக்குள் ஒருவன் சாய்ந்து படுத்துப் புத்தகம் படிக்கிறான். நிறமே இல்லாத அந்தப் படங்களை நான் இதுவரை தரிசனம், கனவு என்றெல்லாம் கலை விமரிசகர்கள் சொல்லும் சொற்களால் புரிந்துவைத்திருந்தேன். அந்த வேலிப் படிக்கட்டில் எனக்குத் தோன்றியது வேறு. ஆள் பொய் சொல்லவில்லை. மடக்கு நாற்காலியோடு இரவில் திரிந்தவன் இரவில் கண்டதை வரைந்திருக்கிறான். நாங்கள் பகலில் வந்து பார்த்துவிட்டு முகம் வாடிப் போகிறோம்.

கடைசி வண்டிக்கு முந்தைய வண்டியில் லண்டன் திரும்பினேன்.

பால்மரும் லண்டன் திரும்பினார். முப்பது வயதை நெருங்கும்போது, கைப்பணம் கரைந்துபோன நிலையில். ஷோரம் படங்களை வாங்க ஆளில்லை. அவற்றை ஓர் உறையில் போட்டு, 'விசித்திரப் பெட்டகம்' என்று தானே கேலியாகப் பெயரிட்டு, நெருங்கியவர்களுக்கு மட்டும் காட்டினார். 1837இல் லின்னலின் மகள் ஹானாவைக் கல்யாணம் செய்துகொண்டார். அந்த ஆண்டு ஜூலையில்தான் பதிவுத் திருமணச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. திருச்சபைச் சடங்கில் நம்பிக்கையில்லாத மாமனாரின் பிடிவாதத்தால், பக்திமான் மாப்பிள்ளைக்கு செப்டம்பரில் பதிவு அலுவலகத்தில் கல்யாணம். பிறகு இத்தாலியில் இரண்டு ஆண்டுகள். திரும்பி வந்து, பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு ஓவியம் கற்றுக்கொடுத்துப் பிழைப்பு. நீர்வண்ண ஓவியர் சங்கத்தில் 1843இல் இணை உறுப்பினர், 1854இல் முழு உறுப்பினர். இத்தாலிய மாலைகளை மஞ்சளும் ஆரஞ்சுமாகத் தீட்டிய இந்தக் காலத்துப் படங்களில் திறமைக்குக் குறைவில்லை. ஆனால் மாமனார் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

பால்மரைப் பற்றி எழுதுபவர்களில் பாதிப் பேர் இங்கே கதையை முடித்துவிடுவார்கள். பத்தாண்டு பொன், மீதி வாழ்க்கை பித்தளை. 1970களில் டாம் கீட்டிங் என்பவர் பால்மர் பெயரில் போலிப் படங்களைச் சந்தையில் புழங்கவிட்டார். 1976இல் டைம்ஸ் பத்திரிகை அதை அம்பலப்படுத்தியது. அந்தப் போலிகளும் ஷோரம் பாணியில்தான். கள்ளச் சரக்குக்காரனுக்கும் தெரிந்திருக்கிறது, சந்தைக்குப் பிடித்த பால்மர் யார் என்று.

மூன்று நாள் கழித்து, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் அச்சுப்பட அறைக்கு முன்பதிவு செய்துகொண்டு போனேன். பேனா அனுமதி இல்லை, பென்சில் மட்டும். இரண்டு படங்கள் கேட்டிருந்தேன். முதலாவது ஷோரம் காலத்து நீர்வண்ணம்: நிலவொளியில் அறுத்த வயல், கதிர்க்கட்டுகளுக்கு நடுவே கைத்தடியோடு போகும் ஒருவன், ஒரு நாய், வானத்தில் பெரிய பிறையும் மாலை வெள்ளியும். இரண்டாவது 1879ஆம் ஆண்டு எட்சிங், 'தனிக் கோபுரம்'. முன்னதை வரைந்தபோது அவருக்கு இருபத்தைந்து. பின்னதற்கு எழுபத்துநான்கு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள்.

எட்சிங் எப்படிச் செய்வது என்பதைக் கொஞ்சம் பார்த்தால்தான் அந்தக் கிழவர் என்ன செய்தார் என்பது விளங்கும். வழவழப்பான செப்புத் தகட்டைச் சூடாக்கி, அதன் மேல் மெழுகும் நிலக்கீலும் குங்கிலியமும் கலந்த பூச்சைத் தடவ வேண்டும். மெழுகுவர்த்திப் புகை காட்டிப் பூச்சைக் கறுப்பாக்க வேண்டும். பிறகு ஊசியால் வரைவது. ஊசி செப்பைக் கீறுவதில்லை. பூச்சை மட்டும் நீக்குகிறது. தகட்டை அமிலத்தில் இட்டால், செம்பு வெளியே தெரியும் இடத்தை மட்டும் அமிலம் தின்னும். குமிழ்கள் கிளம்பும், இறகால் அவற்றை ஒதுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். மெல்லிய கோடு போதும் என்ற இடத்தைச் சில நிமிடங்களில் வார்னிஷ் பூசி மூடிவிட்டு, அழுத்தம் வேண்டிய இடத்தை மறுபடியும் அமிலத்துக்குக் கொடுக்க வேண்டும். இப்படி எத்தனை முறை வேண்டுமானாலும். கடைசியில் பூச்சைக் கழுவி, பள்ளங்களில் மையை நிரப்பி, மேற்பரப்பை மெல்லிய துணியாலும் உள்ளங்கையாலும் துடைத்து, ஈரத் தாள் வைத்து உருளை அச்சில் நசுக்கினால் படம் வரும். இடம் வலமாக, வலம் இடமாக.

பிளேக்கின் மரச் செதுக்கலுக்கு இது நேர் எதிர். அங்கே கீறினால் வெளிச்சம். இங்கே கீறினால் இருட்டு. எட்சிங்கில் வெளிச்சத்தை வரைய வழியே கிடையாது. அதை விட்டுவைக்கத்தான் முடியும். இருட்டைக் கோடு கோடாகப் பின்னி, நடுவே தொடாமல் விட்ட தாளின் வெள்ளைப் புள்ளிகள் மினுங்க வேண்டும்.

1850இல் எட்சிங் கிளப்பில் சேர்வதற்காகப் பால்மர் முதல் தகட்டைச் செய்தார்: ஒரு வில்லோ மரம், தண்ணீர், அவ்வளவுதான். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து. அடுத்த முப்பது ஆண்டுகளில் அவர் முடித்தவை மொத்தம் 13 தகடுகள். வானம்பாடி, மேய்ப்பனின் குடிசை, எழும் நிலா, களைத்த உழவன், விடியற்கால உழவன், பட்டி திறப்பு. மற்ற கலைஞர்கள் ஒரு மாதத்தில் முடிப்பதற்கு அவர் ஆண்டுக்கணக்கில் எடுத்துக்கொண்டார். தலைப்புகளைப் பார்த்தாலே தெரிகிறது, யார் திரும்பி வந்திருக்கிறார்கள் என்று. மாமனாரும் சந்தையும் எட்டிப் பார்க்காத, கையகல இடம் கிடைத்ததும் ஷோரத்து இரவு அங்கே வந்து உட்கார்ந்துகொண்டது.

தனிக் கோபுரத்தைப் பூதக் கண்ணாடியில் ஒரு மணி நேரம் பார்த்தேன். மலை விளிம்பில் சிதைந்த ஒரு கோபுரம். அதன் உச்சியில் ஒரு சன்னலில் விளக்கு. தொடுவானத்தை ஒட்டிப் பிறை. மேலே நட்சத்திரங்கள், அவற்றில் சப்தரிஷி மண்டலம். கீழே ஆடுகளோடு இரண்டு மேய்ப்பர்கள் படுத்தபடி அந்த விளக்கையே பார்க்கிறார்கள். மையின் கறுப்பு வெல்வெட் மாதிரி. ஆனால் உற்றுப் பார்த்தால் எங்கும் முழுக் கறுப்பு இல்லை. நிழலின் ஆழத்திலும் தாள் இம்மியளவு விழித்துக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் இருந்த இளவயதுப் படம் அழகு. இது வேறு. ஷோரத்து இளைஞன் நிலவைக் கொண்டாடினான். இந்தக் கிழவர் அதை நம்பி இருட்டில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் செப்புத் தகட்டின் பக்கம்தான். கள்ளச் சரக்குக்காரர் என் ரசனையை மதிக்க மாட்டார்.

விளக்கு ஆங்கிலக் கவி மில்டனிடமிருந்து வந்தது. நள்ளிரவில் உயர்ந்த கோபுரத்தில் கண்விழித்துப் படிப்பவனைப் பற்றி 'இல் பென்ஸரோஸோ' கவிதையில் ஓர் இடம் வருகிறது. பால்மரை வளர்த்த பணிப்பெண் மேரி வார்ட் மில்டனில் ஊறியவர். இறக்கும்போது தன்னுடைய மில்டன் கையடக்கப் பிரதியை அவருக்கே கொடுத்துவிட்டுப் போனார். 1860களில் லெனர்ட் வால்பி என்ற வழக்கறிஞர் உங்கள் மனத்துக்கு நெருக்கமானதை வரைந்து கொடுங்கள் என்று கேட்க, பால்மர் மில்டனுக்கு எட்டு நீர்வண்ணப் படங்கள் தீட்டத் தொடங்கினார். செப்புத் தகட்டுக் கோபுரம் அந்த வரிசையில் முளைத்தது.

விளக்கு மில்டனுடையது. கோபுரம் அப்படியல்ல.

பால்மருக்கு மூன்று குழந்தைகள். மகள் மேரி எலிசபெத் 1847இல், மூன்று வயதில் போனாள். மூத்த மகன் தாமஸ் மோர், கெட்டிக்காரன், அப்பாவின் நம்பிக்கை முழுவதும் அவன்தான். அளவுக்கு மீறிப் படிக்கவைத்தார்கள். உடல் நலம் கெட்டது. காற்று மாற்றத்துக்காக ஸர்ரேயில் லீத் ஹில் அடிவாரத்தருகே ஒரு பண்ணை வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். 1861 ஜூலையில், பத்தொன்பது வயதில், அங்கேயே இறந்தான். பால்மர் பழைய லண்டன் வீட்டில் மறுபடி குடியேறவில்லை. மறு ஆண்டு ரெட்ஹில்லுக்கு அருகே மீட் வேலில் ஒரு வீடு பார்த்துக்கொண்டு, 1881 மே மாதம் சாகும்வரை அங்கேயே இருந்தார். வீடு இருந்த மேட்டிலிருந்து மேற்கே பார்த்தால் தொலைவில் லீத் ஹில்லும் அதன் உச்சிக் கோபுரமும் தெரியும்.

அந்த இரண்டு இடங்களையும் பார்க்கப் போனேன். ரெட்ஹில்லில் எனக்குச் சொல்லத்தக்கதாக ஒன்றும் அகப்படவில்லை. வீடுகள், சரிவுகள், நிறுத்தியிருக்கும் கார்கள். ஹோம்வுட் நிலையத்தில் இறங்கி, மேற்கே ஓக்கும் பைனும் அடர்ந்த ஏற்றத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்து லீத் ஹில் சேர்ந்தேன். உயரம் 294 மீட்டர். உச்சியில் ரிச்சர்ட் ஹல் என்பவர் 1765இல் கட்டிய கோபுரம். தான் இறந்தபின் தன்னை அதன் அடியிலேயே புதைக்க வேண்டும் என்று சொல்லிவைத்தவர்; அப்படியே செய்தார்கள். 1864இல் கோபுரத்தை இன்னும் உயர்த்திக் கட்டினார்கள். மகனை இழந்த மூன்றாம் ஆண்டு, ரெட்ஹில்லிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த தகப்பன் கண்ணில் அந்தக் கோபுரம் வளர்ந்திருக்கிறது. செப்புத் தகட்டில் அவர் அதை இடித்துவிட்டார். இடித்துவிட்டு, ஒரு சன்னலை மட்டும் விட்டுவைத்து, அதில் விளக்கேற்றினார்.

கோபுரத்தின் அடியில் தேநீரும் கேக்கும் விற்கிறார்கள். வாங்கிக்கொண்டு உட்கார்ந்தபோது இளைய மகன் ஆல்ஃபிரட் நினைவுக்கு வந்தார். அப்பாவின் கடைசிக் காலத்தில் அச்சிடக் கற்றுக்கொண்டு கூடவே நின்றவர். வர்ஜிலின் ஆயர் பாடல்களுக்காகப் பால்மர் தொடங்கி அரைகுறையாக விட்டுப்போன தகடுகளை முடித்து 1883இல் புத்தகமாகக் கொண்டுவந்தவர். 1892இல் வாழ்க்கை வரலாறும் எழுதியவர். அதே ஆல்ஃபிரட் 1909இல் அப்பாவின் குறிப்பேடுகளையும் ஷோரம் காலத்து வரைபடக் கட்டுகளையும் தீயிலிட்டார். நாள் கணக்கில் எரிந்ததாம். அந்நியர் கையில் சிக்கிச் சீரழிவதைவிட இதுவே மேல் என்று நினைத்திருக்கிறார். பதினேழு ஆண்டுகள் கழித்து, 1926இல், விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் பால்மரையும் பிளேக்கின் மற்றச் சீடர்களையும் கொண்டு ஒரு கண்காட்சி வைத்தது. கிரஹாம் சதர்லண்ட் போன்ற இளம் எட்சிங் கலைஞர்கள் பால்மரின் தகடுகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். எரிந்தவை என்னென்ன என்று ஒரு பட்டியல்கூட நம்மிடம் இல்லை.

படியேறி மொட்டைமாடிக்குப் போனேன். கிழக்கே ரெட்ஹில் பக்கம் வெறும் மூட்டம். தெற்கு தெளிவாக இருந்தது. கழுத்தில் பைனாகுலர் மாட்டிய ஒருவர் தன் பேத்தியைத் தூக்கிப் பிடித்து ஊர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஒதுங்கி நிற்பதைக் கண்டு பைனாகுலரை என்னிடம் நீட்டினார்.

"நேர் தெற்கே பாருங்கள். மலைத்தொடர் ஓரிடத்தில் விட்டுப்போயிருக்கிறது அல்லவா? அதற்குள் வெள்ளியாக ஒரு கோடு. அதுதான் கடல். ஷோரம் கணவாய் என்பார்கள்."

"எந்த ஷோரம்?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "கடல் இருக்கிற ஷோரம்தான். வேறு ஷோரம் இருக்கிறதா என்ன?"